ஜான்ரோஸின் இடது கை

அருமனையில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஜான்ரோஸுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதைவிட, அது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய வியாதி. அவர் மனைவி செல்லபாய் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தாள்.

டயாலிசிஸ் தொடங்க இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, அதற்குள் கையில் வழி செய்து வைப்போம் என்று நாகர்கோவில் டாக்டர் அவருடைய இடது மணிக்கட்டுக்கு மேலே கீறி, தமனியையும் சிரை எனும் ஒரு இரத்த நரம்பையும் சேர்த்துத் தைத்திருந்தார். தமனியின் இரத்தம் பாய்ந்து பாய்ந்து அந்த மெல்லிய நரம்பு விரிந்து, சுவர் தடித்து, பெரிய ஊசியைத் தாங்கும் பக்குவத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பந்தைப் பிசைய வேண்டும். அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் கட்டக்கூடாது. விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். அது நின்றால் உடனே ஓடி வர வேண்டும். நர்ஸ் பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் இவ்வளவையும் சொல்லி அனுப்பினாள். செல்லபாய் தினமும் காலையில் விரல் வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. நரம்பும் நன்றாகப் புடைத்து வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். ஜான்ரோஸுக்கு மட்டும் வெட்கம்.

காரணம், மகள் சுஜியின் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போகிறவரின் கை இப்படிப் புடைத்துக் கிடந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதனால் கோட்டு. கோட்டுக் கை நுனியில் தழும்பு எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று, அகலப் பட்டை வாட்ச் ஒன்றை அந்தத் தழும்பின் மேலேயே இறுக்கி மாட்டினார்.

“அத கழத்துங்க. நர்ஸ் சொன்னது செவியில கேறலியா?”

“ஏட்டி, கொஞ்ச நேரத்துல என்ன வந்திரப் போவுது? மாப்பிள்ள வீட்டாளுவ கண்டா நமக்குக் கொறச்சலுலா.”

“ஆமா, ஒங்க கையப் பாக்கதுக்குத்தான் அவிய வேன் பிடிச்சு வாறாவ.”

வாசலில் சுஜி காத்து நின்றாள். அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை.

ஜான்ரோஸ் முந்தின வாரம் போதகரைத் தனியாகப் பார்த்து, தனக்காக ஜெபிக்கும்படி கேட்டிருந்தார். ஊருக்கு ஒளித்தவர் ஆண்டவருக்கு ஒளிக்கவில்லை. போதகரோ எதையும் யாருக்கும் ஒளிக்கிற ஆளில்லை. தாலி கட்டி முடிந்து இரு குடும்பங்களுக்காகவும் ஜெபித்தபோது மைக்கில் உருகினார்: “சிறுநீரக வியாதியினாலே வருந்துகிற எங்கள் சகோதரன் ஜான்ரோஸையும், ஆபரேஷன் செய்யப்பட்ட அவருடைய இடது கையையும் தொட்டருளும்.” ரோட்டில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

இனியாவது வாட்சைக் கழற்றுவார் என்று செல்லபாய் நினைத்தாள். கழற்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பிறகு கையைக் காட்டுவது இன்னும் கேவலமாம். ஃபோட்டோ, விருந்து, எல்லாம் முடியும்வரை மனிதர் அப்படியே விறைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தி ஆன்ட்ரூஸ்தான் கடைசியில் பார்த்தார்.

“என்ன சம்மந்தி, எனக்க அண்ணனுக்கும் இதே ஆபரேஷன்தான். அந்தக் கையில போயி வாட்சு கெட்டுவாவளா?”

செல்லபாய் பிடுங்காத குறையாக வாட்சைக் கழற்றி விரல் வைத்தாள். சற்று மேலே வைத்துப் பார்த்தாள். குனிந்து காதையும் வைத்தாள். ஒன்றுமில்லை.

“இருக்கா?” என்றார் ஜான்ரோஸ்.

“வண்டியில கேறுங்க.”

ஆன்ட்ரூஸ் ஓடிப்போய்க் கையில் கிடைத்த காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்த கார். ஜான்ரோஸ் தயங்கினார்.

“பூ வச்ச வண்டியிலயா? ஆளுவ பாப்பாவளே.”

“பாக்கட்டும். இந்தக் கை போச்சுன்னா நாளைக்கு டயாலிசிஸுக்குக் கழுத்துல குழாயக் குத்தி வைப்பாவ. அத எந்தக் கோட்டுக்குள்ள ஒளிப்பியளோ, பாப்போம்.”

ஜான்ரோஸ் ஏறினார். நாகர்கோவில் போய்ச் சேரும்வரை செல்லபாய் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையிலிருந்து விரலை எடுக்கவில்லை. அது அதிரவும் இல்லை.