பெயர் ஒட்டிய குழாய்

கேண்டீனில் ரசவடையை நிறுத்திவிட்டு அவித்த பயறு வைத்த அன்றே விக்டோரியாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

இரணியல் ரோட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் வார்டு ஆயா. ஒரு நாள் லீவு கேட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் நிர்வாகத்துக்கு, திடீரென்று ஊழியர்களின் உடம்புமேல் அக்கறை பொங்கி வழிகிறதாம்! லிஃப்டை விட்டுப் படியேறுங்கள், சாயாவில் சீனியைக் குறையுங்கள் என்று சொல்லவே கோட்டாற்றிலிருந்து ஜஸீனா என்றொரு டயட்டீஷியனைக் கொண்டுவந்திருந்தார்கள். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பையும் விக்டோரியா நம்பவில்லை.

அடுத்து வந்தது அறிவிப்பு. நாற்பது வயது தாண்டிய ஊழியர்களுக்கு இலவச சுகர் டெஸ்ட்.

"இலவசமாம்லா! மூட்டுவலின்னு சொன்ன ஆயா நேசபாய நைசா வீட்டுக்கு அனுப்பினவனுவ. இனி சுகர்காரிகளப் பொறுக்கி எடுப்பானுவ, பாத்துக்க" என்றாள் லேப் டெக்னீஷியன் பிரிஜாவிடம்.

பிரிஜா சிரித்தாள். கல்யாணமாகாத சின்னப் பெண். குவைத்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

விக்டோரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலில் செருப்புக் கடித்த புண் ஆறவே மாட்டேன் என்கிறது. அது என்னவென்று ஆஸ்பத்திரியிலேயே கிடப்பவளுக்குத் தெரியாதா? புருஷன் மத்தியாஸ் இடுப்பு முறிந்து கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, வீட்டில் அடுப்பெரிவது இவள் சம்பளத்தில்தான். வேலை போனால் அவ்வளவுதான்.

டெஸ்ட் அன்று காலை லேப் கதவைச் சாத்திவிட்டு பிரிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா, எனக்க பேரு ஒட்டின குழாயில ஒனக்க ரத்தத்த எடுத்து வச்சிரு. ஒனக்குத்தான் ஒரு தீனமும் கெடையாதே."

"அய்யோ அக்கா, மாட்டினா?"

"நாம வாயத் தொறந்தாத்தான மாட்டும்?"

விக்டோரியாவின் கண் கலங்குவதைப் பார்த்ததும் பிரிஜாவால் மறுக்க முடியவில்லை. வழக்கம்போல் வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தாள். தன் கையிலேயே பட்டையைக் கட்டி ஊசியை ஏற்றினாள்.

மறுநாள் ஜஸீனா விக்டோரியாவைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, பயப்படாதிய. வெறும் வயித்துலயே சுகர் முந்நூறத் தாண்டி நிக்குது. மேனேஜருக்கு யாருக்க பேரும் போவாது. எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஆனா இன்னைக்கே மருந்து தொடங்கணும். விட்டா நினைவு தப்பி விழுந்திருவிய."

அடி கள்ளி, என்னைப் பிடிக்கக் கணக்கை மாற்றி எழுதிவிட்டாயா என்றுதான் விக்டோரியாவுக்கு முதலில் தோன்றியது. குமரிப் பிள்ளையின் ரத்தத்தில் முந்நூறு எங்கிருந்து வரும்? விறுவிறுவென்று லேபுக்கு நடந்தாள்.

"ஏட்டி, யாருக்க ரத்தத்த வச்ச?"

"எனக்க ரத்தம்தான் அக்கா. நீங்க பாத்துட்டுத்தான நின்னிய?"

சொன்னதும் பிரிஜா தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். முழுப் பாட்டிலையும் காலி செய்துவிட்டு இன்னொன்றைத் திறந்தாள். கொஞ்ச காலமாகவே அவள் தோளில் சட்டை தொங்குவதை விக்டோரியா பார்த்திருக்கிறாள். குவைத்து மாப்பிள்ளைக்காக இளைக்கிறாயா என்று கேலிகூடச் செய்திருக்கிறாள். மாதாவே!

சொன்னால் கள்ளம் வெளியே வரும். சொல்லாவிட்டால் மாத்திரை இவள் கைக்கு வரும், அந்தப் பிள்ளை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் பிரிஜா அழுதாள். "சொல்லாதிய அக்கா. குவைத்து மெடிக்கல்ல தள்ளிருவானுவ."

"ஜீவன் கெடந்தாத்தாண்டி குவைத்து" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜஸீனாவின் அறைக்குள் நுழைந்தாள் விக்டோரியா.

"அது இவளுக்க ரத்தமாக்கும். நான்தான் கெஞ்சி எடுக்க வச்சேன். எனக்க வேலை போனா போட்டு. இவள இப்பமே டாக்டர்கிட்ட காட்டு பிள்ளே."

ஜஸீனாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. போனை எடுத்தாள்.

"யாருக்கு? மேனேஜருக்கா?" என்று கேட்டாள் விக்டோரியா.

"டாக்டருக்கு அக்கா."

நம்புவதா வேண்டாமா என்று விக்டோரியாவுக்கு இன்னமும் தெரியவில்லை. பிரிஜாவை நாற்காலியில் உட்காரவைத்து, தேம்புகிற தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்றக் கையை ஜஸீனாவின் பக்கம் நீட்டினாள்.

"இன்னா, இதுலயும் ரத்தத்த எடு."