ஆறாவது திருகு

இருந்தவர்கள்: அக்கா. அத்தான். சாப்பாட்டு மேசைமேல் கம்பிகள் கழற்றிய எலக்ட்ரிக் கிதார். இரவு ஷிப்ட் வேலையை விட்டதிலிருந்து பகலிலும் தூக்கம் வராத நான்.

1

இந்தக் கதை ஒரு ‘டக்’ சத்தத்தில் பிறந்தது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அன்று மாலை அக்கா ஒரு இசைக்குழுவின் முன் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மறுநாளே அவர்களோடு ஊர் ஊராகக் கிளம்ப வேண்டும். ஆனால் கிதாரில் சுருதி நிற்கவில்லை. கம்பியை முறுக்கும் ட்யூனர்கள் தேய்ந்துவிட்டன. புதிதாக ஆறு வாங்கி வந்தாள். மாட்டித் தருகிறேன் என்றார் அத்தான். அவர் எலக்ட்ரீஷியன்.

2

மழை பெய்துகொண்டிருந்த அந்த மதியம், ஒரு பெண்ணின் கனவு...

அந்த வரியை அடித்துவிட்டேன். மழை இல்லை. கனவு என்று அவள் சொன்னதும் இல்லை.

ஐந்து ட்யூனர்களுக்கு அத்தான் முதலில் துளை போட்டார், பிறகு திருகை ஏற்றினார். ஆறாவதற்குத் துளை போடாமலே முறுக்கினார். டக். திருகின் தலை கையோடு வந்தது. மீதி மரத்துக்குள்.

“போச்சு. இனி இது நிக்காது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“ஓட்டை போடலையா நீங்க?”

“நீ அவசரப்படுத்தினே. மறந்துட்டேன்.”

“நான் வாயே திறக்கலையே!”

“அதான். நீ வாயைத் திறக்காம நின்னாலே எனக்குக் கை ஓடாது.”

3

(இங்கே அத்தானை வில்லனாக்கும் பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் ஒரு திருகை உடைத்து நான் பார்த்ததில்லை. தூக்கமில்லாதவன் எதையும் சந்தேகிப்பான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

“மாப்ள, நீயாவது சொல்லேன்,” என்றார் அத்தான் என்னிடம்.

நான் சொல்வதற்குள் அக்கா ஸ்பானரை எடுத்து அந்த ட்யூனரின் முன்பக்கத்து நட்டை இறுக்கினாள்.

“பிடிச்சு வெச்சிருக்கறது இந்த நட்டுதான். பின்னாடி இருக்கற திருகு, ட்யூனர் சுத்தாம இருக்கறதுக்கு. அதுக்கு டேப் போதும்.”

டேப் ஒட்டினாள். கம்பிகளை மாட்டி, முறுக்கி, மீட்டினாள். சுருதி நின்றது.

அத்தான் குனிந்து அந்த ட்யூனரை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“இது தெரியாமப் போச்சே,” என்றார்.

(தெரிந்திருந்தால்?)

4

முடிவு ஒன்று: அத்தானே கிதாரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை... பொய்.

முடிவு இரண்டு: அக்கா பாதி வழியில் திரும்பி... அதுவும் பொய்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அக்கா கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நேரமாச்சு” என்றாள், போனாள். மேசையில் உடைந்த திருகின் தலைக்குப் பக்கத்தில் அவளுடைய வீட்டுச் சாவி கிடந்தது. அக்காவும் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

“அத்தான், அக்கா சாவி...”

“பாத்தேன்.”

வீட்டுக் கதவு பிறகு தட்டப்பட்டதா, யார் திறந்தார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அத்தான் கதவைச் சாத்தினார். உள்ளிருந்து பூட்டினார்.