ஒரு மீட்டர் முன்னால்

பெட்டிக்குள், அப்பாவின் மார்பில் கிடந்த சிவப்புத் துண்டை ஒதீல் மூன்றாவது முறையாக எடுத்து மடித்தாள். ஒவ்வொரு முறையும் அதைப் போர்த்தியவர் செர்வில் கால்பந்துக் கழகத்தின் தலைவர் ஃபியூமோன். அறைகலன் கடைக்காரர். துக்கத்திலும் கடை வாசலில் நிற்பது போலவே நிற்பார்.

பதினோரு மணிக்குத் தேவாலயத்தில் பூசை. பத்தரைக்கு இந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள்.

"ஒதீல், யோசிச்சுப் பாரும்மா. புது கேலரிக்கு உங்க அப்பா பேரு வைக்கிறோம். கல்வெட்டே வந்தாச்சு. 'எண்பத்தேழாவது நிமிடம்'னு பொறிச்சாச்சு."

"அதுக்குக் கீழ 'ஆஃப்சைடு'ன்னு சேர்த்துடுங்க."

"பொணத்தை வெச்சுக்கிட்டு கிண்டலா?"

"கிண்டல் இல்ல. அப்பா கேட்டுக்கிட்டது. வாக்கு குடுத்திருக்கேன்."

ஃபியூமோன் பெருமூச்சு விட்டபடி கார் நிறுத்துமிடத்துக்குப் போய், தன் இரங்கல் உரையை உரக்கப் படித்துப் பார்த்தார். சன்னல் வழியே 'சிங்கம்' என்ற சொல் மட்டும் அடிக்கடி வந்து விழுந்தது. அப்பா பக்கத்து வீட்டு நாய்க்கே பயப்படுவார்.

அப்பா அர்மான் லெபெக் ஆடியது பதினோரு ஆண்டுகள், மூன்று கழகங்கள். மிஞ்சியது ஒரு கிழிந்த முழங்காலும் அறுபத்துமூன்று கோல்களும். ஃபியூமோனின் உரையில் அது நூற்று மூன்றாகியிருந்தது. செத்தவர்களுக்கு ஊர் நல்ல குணங்களைக் கொடுக்கும். முன்கள ஆட்டக்காரராக இருந்தால் கூடவே நாற்பது கோல்களும்.

ஆனால் ஊருக்கு வேண்டியது ஒரே ஒரு கோல்தான். எழுபத்தெட்டாம் ஆண்டு மே மாதம், வாந்தோர்ம் அணிக்கு எதிராக எண்பத்தேழாவது நிமிடத்தில் அடித்தது. அதனால் செர்வில் முதல் பிரிவுக்கு ஏறியது. மறு ஆண்டே இறங்கிவிட்டதை யாரும் பேசுவதில்லை. பிறகு அப்பா காப்பிக்கடை வைத்தார். அந்தக் கோலுக்காக யார் பீர் வாங்கிக் கொடுத்தாலும், "நான் ஒரு மீட்டர் ஆஃப்சைடுல நின்னேன், கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி. அது செல்லாத கோல்" என்பார். "என்ன அடக்கம் பாரு இந்த மனுஷனுக்கு!" என்று சிரித்து இன்னொரு பீர் வாங்குவார்கள்.

மூன்று வாரம் முன்பு ஆஸ்பத்திரியில், சாப்பாட்டுச் சீட்டின் பின்புறத்தில் அவர் சொல்லச் சொல்ல ஒதீல் எழுதினாள்.

"பூசையில நீ இதைப் படிக்கணும். உயிரோட சொன்னா சிரிக்கிறாங்க. செத்தவன் சொன்னா நம்புவாங்க."

கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர் நின்றார்.

"வான்ஹூட். வாந்தோர்ம்லேர்ந்து வரேன். நீதானே அவன் பொண்ணு?"

ஒதீலுக்கு அவரைத் தெரியும். காப்பிக்கடைச் சுவரில் தொங்கிய அந்தக் கோலின் படத்தில், இடது ஓரம், வானத்தைக் குத்துவது போலக் கையை உயர்த்தி 'ஆஃப்சைடு' என்று கத்திக்கொண்டிருக்கும் தடுப்பாட்டக்காரர்.

"உங்க அணிகிட்டதான் அப்பா மன்னிப்பு கேட்டிருக்கார்" என்று சொல்லிச் சீட்டை எடுத்துப் படித்தாள். கிழவர் கேட்டு முடித்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இவனுக்கென்ன பைத்தியமா? அது ஆஃப்சைடே இல்லம்மா."

"என்ன சொல்றீங்க?"

"நாங்க நாலு பேரும் ஒரே சமயத்துல முன்னால ஏறணும். அப்பதான் அவன் எங்களுக்குப் பின்னால தனியா மாட்டுவான். மூணு பேரு ஏறிட்டாங்க. நான் ஏறலை."

"ஏன்?"

"கோட்டுக்கு வெளிய ஒருத்தன் எங்கம்மாவை ஏதோ சொன்னான். அவனுக்குப் பதில் சொல்லிட்டிருந்தேன்."

"கையைத் தூக்கினீங்களே?"

"தப்பு பண்ணவன்தாம்மா முதல்ல தூக்கணும். எங்க பயிற்சியாளர் உருப்படியா கத்துக்குடுத்ததே அது ஒண்ணுதான். நான் அந்தக் கோடி, இவன் இந்தக் கோடி. நான் பின்னால நின்னதை இவன் பார்க்கலை. கோல் விழுந்தப்புறம் ஓடி வந்து கத்தினேன் பாரு, அதைத்தான் பார்த்தான்."

ஒதீல் சீட்டைப் பார்த்தாள். படித்தால் பொய். படிக்காவிட்டால் வாக்குத் தவறியதாகும்.

"நாற்பத்தாறு வருஷம்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எங்க ஊர்ல உங்கப்பனைத் திருடன்னு திட்டிட்டிருந்தாங்க. சொன்னா என்னைத் திட்டுவாங்க. எனக்கு அங்கதானே வீடு." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அது சரியான கோல்தான்னு தெரிஞ்சு இவன் எங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பான்னுதான் நினைச்சேன்."

அவள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"பூசையில நீங்க பேசறீங்களா?"

வெளியே சிங்கம் இரண்டு முறை கர்ஜித்து ஓய்ந்தது.

"வாந்தோர்ம்லேர்ந்து ரெண்டு பஸ் நிறைய வந்திருக்காங்கம்மா."

"தெரியும்."

அவர் தொப்பியைத் தரையில் வைத்தார். "முதல்ல இவன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று எழுந்தார்.

அதற்குள் நிலையப் பணியாளர், நரைத்த மீசைக்காரர், மூடியின் திருகாணிகளை ஒரு தட்டில் ஏந்தி வந்தார். "நேரமாச்சு, மேடம்." பின்னாலேயே ஃபியூமோனின் தலை எட்டிப் பார்த்தது.

"என்ன, இன்னும் மூடலையா?"

"உங்க உரையை இவருக்கு அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் ஒதீல்.

"இவர் யாரு?"

அவள் கதவைச் சாத்தினாள்.

வான்ஹூட் பணியாளரிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டிலிருந்து ஐந்து திருகாணிகளை எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் குனிந்து, அர்மானின் இடுப்புவரை போர்த்தியிருந்த வெள்ளைப் பட்டின் மேல் நான்கை வரிசையாக வைத்தார். ஐந்தாவதை வரிசையின் வலது கோடியில் வைத்து, "இது நீ" என்றார். மூன்றை ஒவ்வொன்றாக விரலால் முன்னே தள்ளினார். ஏதோ முணுமுணுத்தார். நடுவில் அர்மானின் பெயர், ஒரு கெட்ட வார்த்தை, திரும்பவும் அந்தப் பெயர்.

பணியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஓரடி முன்னால் வந்து கழுத்தை நீட்டினார்.

பட்டின் இடது ஓரத்தில் நான்காவது திருகாணி, வைத்த இடத்திலேயே கிடந்தது.