ஜாமீன் நின்றவர்

ஐஸ் பெட்டிக்குள் அப்பாவின் வேட்டியை ஜெயஸ்ரீ சரிசெய்துகொண்டிருந்தபோது, அவள் கணவன் மகேஷ் போனைக் கையால் பொத்தியபடி உள்ளே வந்தான்.

"அன்பு பேசறார். கொடி, மாலை எல்லாம் ரெடியாம். ஆனா அந்தப் பொண்ணு இங்க இருந்தா கட்சிக்காரங்க யாரும் வர முடியாதாம்."

அன்பு வட்டச் செயலாளர். அவருக்குக் கட்சி அட்டை வாங்கிக் கொடுத்ததே ஜெயஸ்ரீயின் அப்பா துலுக்காணம்தான். தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டில் கொடிக்கம்பம் நட்ட நாளிலிருந்து கட்சியை விட்டு விலகாத மனுஷன். தன் உடம்பின் மேல் அந்தக் கொடிதான் கிடக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார்.

"அவ வரமாட்டா" என்றாள் ஜெயஸ்ரீ. வந்துவிடக் கூடாதே என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

சினேகா பின்தெருவில் அம்மாவோடு குடியிருக்கும் கல்லூரிப் பெண். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த கோபத்தில், ஏரியை மூடி மனை போட்டது யார் தயவில் என்று கேட்டு, கட்சித் தலைவரைத் தவளையாக வரைந்து இணையத்தில் போட்டாள். மறுநாளே போலீஸ் அழைத்துப் போனது. கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தும், அவளுக்காகப் பொறுப்பேற்க ஒருத்தரும் முன்வரவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. துலுக்காணம்தான் போய்க் கையெழுத்துப் போட்டார்.

அன்று ஜெயஸ்ரீ அவரோடு சண்டை போட்டாள். மகேஷ் எடுக்கும் தெருவிளக்கு காண்ட்ராக்ட், கட்சிக் கவுன்சிலர் தலையாட்டினால்தான் நடக்கும்.

"உங்களுக்கு ஏம்ப்பா இந்த வேலை? உங்க தலைவரைத்தானே அவ கிண்டல் பண்ணா?"

"எனுக்கும் வயிறு எரியுதும்மா. தலிவரப் போயி தவளன்னா சும்மா வுடுவனா? வெளிய வரட்டும், நானே நறுக்குன்னு பதில் சொல்றேன். உள்ள கீற பொண்ணுகிட்ட இன்னாத்த பேசறது?"

சொன்னபடியே, வெளியே வந்த பெண்ணை ஜெயில் வாசலிலேயே பிடித்துத் திட்டினார். அவளும் விடவில்லை. ஆட்டோ தாம்பரம் வந்து சேரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்களாம். அதற்குப் பிறகு ஸ்டாண்டில் அவருக்கு யாரும் டீ சொல்லவில்லை. நெஞ்சுவலி வந்தபோதும் தன் ஆட்டோவில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

மேளக்காரர்கள் வந்து இறங்கிய நேரத்தில் சினேகா வந்துவிட்டாள். கையில் சாமந்தி மாலை. அவளுக்குப் பின்னாலேயே அன்புவின் கார் தெருமுனையில் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

ஜெயஸ்ரீயை ஓரமாக இழுத்தான் மகேஷ். "அஞ்சு நிமிஷம் அவளை வெளிய நிக்கச் சொல்லு ஜெயா. கொடிய போத்திட்டுப் போயிடுவாங்க. மாமாவோட ஆசைதானே?"

சினேகாவுக்கு அது கேட்டுவிட்டது. "நான் போயிடறேன்க்கா. மாலைய மட்டும் வாங்கிக்குங்க."

தூக்கமில்லாத கண்கள். ஜாமீன் நின்றவர் இறந்துவிட்டால் கோர்ட் வேறு ஆள் கேட்கும். கிடைக்காவிட்டால் அவள் மறுபடி உள்ளே போக வேண்டும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெயஸ்ரீ மாலையை வாங்கவில்லை. பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீயே போடு."

"ஜெயா!"

"அவங்களும் வரட்டுமே. நான் யாரையும் வேணாம்னு சொல்லலயே."

அன்பு மட்டும் காரிலிருந்து இறங்கினார். கதவைப் பிடித்தபடி வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏறிக்கொண்டார். கார் பின்வாங்கித் திரும்பிப் போனது. மகேஷ் தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

கொடி இல்லாமலேயே துலுக்காணம் புறப்பட்டார். ஆண் பிள்ளை இல்லாத மனுஷனுக்கு மகேஷ்தான் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், முன்னால் நடந்தான். மேளச் சத்தம் திருநீர்மலை ரோட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

வீட்டைக் கழுவ ஜெயஸ்ரீ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். சினேகா யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்து, வாசலில் மிதிபட்ட பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சினேகா."

"என்னக்கா?"

"கோர்ட்டுல ஆதார் மட்டும் போதுமா? வீட்டு வரி ரசீதும் கேப்பாங்களா?"

விளக்குமாறு நின்றுவிட்டது.

"அந்த ஓரம் இன்னும் பூ கிடக்கு பாரு" என்றாள் ஜெயஸ்ரீ. குனிந்து, சிமெண்டில் ஒட்டிக்கிடந்த இதழ்களின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பாதித் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.