மூடி முனகுது

பழைய மென்பொருளையே வைத்துக்கொள்வதா, புதியவை இரண்டில் ஒன்றை வாங்குவதா என்று முடிவுசெய்யும் வேலையை மேலாளர் அவள் தலையில் கட்டியிருந்தார். பசைத் தொழிற்சாலையில் சோதனைக் கணக்கு பார்ப்பவள் அவள்தான். பழையதைத் தலைமுழுக இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

மூன்றிலும் ஒரே சோதனையைப் போட்டுப் பார்க்க வேண்டும். கைக்கு அகப்பட்டது அதே ஆலையில் வேலை பார்த்த அண்ணன் எழுதிய தாள். மூன்று வருடங்களுக்கு முன், பசை காய்ச்சும் சின்னக் கலனில் வெப்பம், அழுத்தம், கலக்கும் வேகம் மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கி, மூடி எவ்வளவு அதிர்கிறது என்று பதினாறு முறை அளந்தவன் அவன். அந்த எண்களைப் பழைய மென்பொருளில் போட்டு, எதை ஏற்றினாலும் பயமில்லை என்று அறிக்கை கொடுத்தவள் இவள். பிறகு பெரிய கலனில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றிய அன்று மூடி பிய்த்துக்கொண்டு போனது. அண்ணனும் போய்விட்டான்.

"முன்னாடியே தெரிய வழி இருந்துச்சா?" என்று அண்ணி ஒரே ஒருமுறை கேட்டாள்.

"இல்ல அண்ணி. அந்த சாஃப்ட்வேர் லட்சணம் அவ்வளவுதான்."

இப்போது புதியவை இரண்டும் கேட்காமலே சொல்லின: தனித்தனியாக ஏற்றினால் ஒன்றுமில்லை, வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால்தான் ஆபத்து. தாளை எடுத்துப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்து ஏற்றிய வரிகளின் ஓரத்தில் அண்ணனின் கோணல் எழுத்து: 'மூடி முனகுது'. எண்களை மட்டும் தட்டச்சு செய்தபோது இதை விட்டுவிட்டிருந்தாள். அறையில் ஏதோ முனகுவது போலிருந்தது. மின்விசிறியை நிறுத்தினாள். முனகல் நிற்கவில்லை.

நாலு வார்த்தை திட்டவாவது பழையதைத் திறந்தாள். அவள் விட்டுப்போன நிலையிலேயே திறந்தது. 'சேர்ந்த விளைவுகள்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், டிக் இல்லாமல். வாங்கும்போது டிக் இருந்தது. "அறிக்கைய ஒரே பக்கத்துல முடிங்க" என்று மேலாளர் அவசரப்படுத்திய அன்று அதை எடுத்தது அவள் கைதான்.

டிக் போட்டாள். புதியவை இரண்டும் சொன்ன அதே எண் வந்தது, நாலாவது தசமம்வரை.

மூன்றும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று மேலாளருக்கு எழுதிவிட்டு அண்ணியைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, அன்னிக்குக் கேட்டீங்கல்ல... வழி இருந்துச்சு. நான்தான் பாக்கல."



"மூடி முனகுதுன்னு அவர் வீட்ல வந்து சொன்னாரும்மா," என்றாள் அண்ணி. "போகாதீங்கன்னேன். 'தங்கச்சி பாத்துட்டா, ஒண்ணும் பயமில்ல'ன்னுட்டுப் போனாரு."