பொன்னையாவின் இருமல்

"வெத்தலயத் துப்பிட்டு வாங்கண்ணே. இந்தத் தடவ வாயில வாய் வச்சி ஊதணுமாம்."

"அடப்பாவி! ராக்காயிக்குத் தெரிஞ்சா வெளக்கமாத்தத் தூக்குவாடா," என்று பொன்னையா வாயைப் பொத்திக்கொண்டார். "போன வருசம் முதுகத்தான அமுக்குன?"

"மொறைய மாத்திட்டாங்கண்ணே. லேஞ்சிய மேல போட்டுத்தான் ஊதுவேன், பயப்படாதீங்க," என்று லோரன்ஸ் கைக்குட்டையை உதறிக் காட்டினான்.

உண்மையில் லோரன்ஸுக்குத்தான் பயம். வருஷாவருஷம் பரீட்சையில் தேறி முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்தால்தான் அவனுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை. தவறினால் மறுநாளே விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து நின்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேற வேண்டியதுதான். ஆனால் அந்தப் பரீட்சைக்குப் பிணமாகப் படுக்க லயத்து வீடுகளில் ஒருவரும் வரமாட்டார்கள். செத்தவன் மாதிரிக் கிடப்பவன் எமன் கண்ணில் பட்டுவிடுவானாம்.

பொன்னையாவுக்கு அந்தப் பயமில்லை. மாசி மாதக் காமன் கூத்தில் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்து விழுகிற மன்மதன் அவர்தான். விழுந்தால் இமைகூட அசையாது. ரதியோடு சேர்ந்து பார்க்கிற பெண்களும் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். கடைசியில் ஒரே ஒரு இருமல். மன்மதன் பிழைத்துவிட்டான் என்று தப்பு மேளம் முழங்கும்.

"நா இருமுனாத்தான் கூத்து முடிஞ்சிச்சின்னு அர்த்தம், தெரியுமில்ல?" என்றவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். "காலயிலேருந்து இந்தக் கை ஒரே கடுப்புடா. இஸ்டோருல தேயிலப் பொட்டி தூக்குனது."

இஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் விரித்த சாக்கில் அவர் படுத்ததும் கூட்டம் வட்டமாகச் சூழ்ந்தது. பரீட்சை வைக்க அட்டன் நகரிலிருந்து வந்த டொக்டர் நாற்காலியில் இருந்தபடி தலையசைத்தார். லோரன்ஸ் பொன்னையாவின் தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து, லேஞ்சியை உதட்டின் மேல் போட்டு மெல்ல ஊதினான். மறுபடியும் ஊதினான். சிரித்துவிடுவாரோ என்று அஞ்சியிருந்தான், அவர் சிரிக்கவேயில்லை.

"வீட்டுலயும் இப்பிடித்தான்," கூட்டத்திலிருந்து அவர் மனைவி ராக்காயி குரல் கொடுத்தாள். "வெறகு பொறக்கச் சொன்னா பொணமாட்டம் படுத்துக்குவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். "போதும் லோரன்ஸ், பாஸ்!"

லோரன்ஸுக்கு அப்பாடா என்றிருந்தது. "எந்திரிங்கண்ணே," என்று லேஞ்சியை எடுத்தான்.

வெற்றிலைச் சிவப்புக்கு அடியில் உதடு நாவற்பழமாகக் கறுத்திருந்தது. மூக்கருகே காதை வைத்தான். இஸ்டோருக்குள்ளே ஓடும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. மணிக்கட்டைப் பிடித்தான். ஒன்றுமில்லை.

"டொக்டர் ஐயா!"

அந்தக் குரலில் நாற்காலி கவிழ்ந்தது. டொக்டர் மண்டியிட்டுக் குழாயைக் காதில் மாட்டினார். கூட்டம் கைதட்டியது. "இந்தா பாரு, இப்ப இருமுவாரு!"

லோரன்ஸ் லேஞ்சியை வீசிவிட்டு, வாயோடு வாய் வைத்து உயிரைக் கொடுத்து ஊதினான். நெஞ்சு எழுந்தது, அவன் வாயை எடுத்ததும் தாழ்ந்தது, தானாக எழவில்லை. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. ராக்காயியின் சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் அவள் முகத்திலேயே நின்றது. டொக்டர் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

லோரன்ஸின் நாக்கில் வெற்றிலைக் காரம். மூச்சு வாங்க, அவர் காதோரம் குனிந்தான்.

"கூத்து முடிஞ்சிச்சிண்ணே. ஒரே ஒருக்கா இருமுங்கண்ணே."