கோல்கீப்பருக்கு ஒரு ஜாமீன்

எங்கள் கட்டிடத்தில் யார் வீட்டில் என்ன ஆணம் என்பதைப் படியேறும்போதே மூக்கு சொல்லிவிடும். மற்ற விஷயங்களுக்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். வெர்னா விஷயத்தில் எனக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை. எதிர் ஃபிளாட்டில் தங்கியிருந்த கிளினிக் பெண்களுக்கு டெலிபோன் கிடையாது. அவர்களுக்கு வரும் போனெல்லாம் எங்கள் ஹாலுக்குத்தான் வரும். போன் இருக்கும் இடத்தில்தான் நான் வெங்காயம் உரிப்பேன். என் வீடு, எங்கே வேண்டுமானாலும் உரிப்பேன்.

பிரான்ஸில் ஃபுட்பால் உலகக்கோப்பை நடந்ததே, அதற்கு முந்தின வருஷம் வெர்னா துபாய்க்கு, எங்கள் கராமாவுக்கு வந்தாள். மெயின் ரோட்டுக் கிளினிக்கில் நர்ஸ். நெடுநெடுவென்று உயரம். எங்கள் கதவு நிலையில் குனிந்துதான் நுழைவாள். எந்த ஊர் என்று கேட்டேன். செயின்ட் என்று ஆரம்பிக்கும் ஒரு தீவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் பாதித் தீவுகளுக்கு அப்படித்தானாம் பெயர், எனக்கு மனதில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் செய்கு முகம்மது, மார்க்கெட்டில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர், விளக்கினார்.

"வெஸ்ட் இண்டீஸ் புள்ள. பந்து போட்டே நம்மாளுங்க மண்டைய ஒடைப்பானுவளே, அந்த ஊரு."

அன்று முதல் கட்டிடத்துக்கே அவள் வெஸ்ட் இண்டீஸ். ஆனால் அவள் ஆடியது கிரிக்கெட் இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பின்பக்க மணல் திடலில் இரண்டு பழப்பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பாள். எதிரே நின்று பந்தை உதைப்பது அகிலா. அதே கிளினிக்கில் லேபில் வேலை பார்க்கிறவள், வெர்னாவின் ரூம்மேட். ராஜபாளையத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடினவளாம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, செருப்பைக் கழற்றிப்போட்டு உதைப்பாள். ஆரம்பத்தில் பந்து பெட்டிகளைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிற்று. போகப் போக வெர்னாவே மணலில் விழுந்து புரள வேண்டியதாயிற்று. பஜ்ர் தொழுகைக்கு எழுப்பினால் எழாத ஆண்களெல்லாம் அந்த நேரத்துக்குப் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு பால்கனிக்கு வந்துவிடுவார்கள். யாரையும் பெயர் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் ஒருவரை உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.

உலகக்கோப்பை நடந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் வெர்னாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

"மிஸ் ஷஹீரா! எங்கள் தீவில் பெண்களுக்குத் தேசிய அணி! முதல் தடவை! நான்தான் கோல்கீப்பர்!"

மூன்று பிள்ளை பெற்றவளை மிஸ் என்பாள். அது அவர்கள் ஊர் மரியாதையாம். அகிலா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எனக்கு விவரம் வந்தது. அணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு போலீஸ்காரி, அவள்தான் கேப்டன். ஹோட்டலில் படுக்கை விரிக்கும் பெண்கள், பேங்கில் வேலை பார்க்கிற ஒருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர். ஆண்கள் ஆடி முடித்துப் போன பிறகுதான் மைதானம் கிடைக்கும், அவர்கள் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். சட்டைகூட ஆண்கள் அணி போட்டுக் கழித்தது. பக்கத்துத் தீவோடு இரண்டு ஆட்டம், ஒன்று இவர்கள் தீவில், ஒன்று அவர்கள் தீவில். மூன்று வாரத்தில் முடிந்துவிடும். டிக்கெட் செலவு அவரவருடையது.

"இதுக்கா இந்தக் குதி?" என்றேன். அகிலா அதை மொழிபெயர்க்கவில்லை.

மேனேஜர் சீதாராமனிடம் எமர்ஜென்சி லீவு கேட்கப் போனாள் வெர்னா. எங்கள் ஆட்களாக இருந்தால் வாப்பா மவுத்து, அடக்கத்துக்குப் போகணும் என்று சொல்லியிருப்பார்கள். இதே கட்டிடத்தில் ஒரே வாப்பாவை இரண்டு தடவை மவுத்தாக்கி லீவு வாங்கின ஆள் உண்டு. இவள் நேராகப் போய் ஃபுட்பால் என்று சொல்லியிருக்கிறாள். ராத்திரியெல்லாம் உலகக்கோப்பை பார்த்துவிட்டு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்த சீதாராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: "ஃபுட்பாலுக்கெல்லாமா லீவு?"

கடைசியில் கொடுத்தார். ஆனால் ஜாமீன் வேண்டும் என்றார். இந்த ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஏற்கெனவே மேனேஜர் அலமாரியில்தான் இருக்கும். ஒப்பந்தம் முடியாமல் ஒருவர் ஊருக்குப் போனால் கூட வேலை செய்கிற இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். போனவர் திரும்புகிற வரைக்கும் நின்றவரின் பாஸ்போர்ட் அலமாரியை விட்டு வெளியே வராது. போனவர் வராமலே போய்விட்டால் நின்றவர் பாடு திண்டாட்டம்தான்.

கிளினிக்கில் அன்றைக்கு எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. அகிலா மட்டும், "நான் நிக்கிறேன் சார்" என்றிருக்கிறாள்.

இதிலே அகிலாவின் கதையைச் சொல்லாவிட்டால் விளங்காது. அவளுக்கு ஜூலை கடைசியில் ஊருக்கு டிக்கெட். வந்ததிலிருந்து முதல் லீவு. மகனை ஒன்றரை வயதில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். மாதம் ஒரு தடவை பேசுவாள். பையன் மாமியாரைத்தான் அம்மா என்கிறான். இவள் பெயர் 'துபாய் அம்மா'. போன தடவை போனில், "எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டான். அன்றைக்கு நான் உரித்த வெங்காயத்தில் பாதியை அவள்தான் நறுக்கித் தந்தாள். கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணம் வேண்டாமா?

"உனக்குக் கிறுக்கா புள்ள?" என்று கேட்டேன். "அவ போயி வரலேன்னா?"

"வருவாக்கா. அவ வந்தப்புறம்தான எனக்கு ஃபிளைட்டு. நடுவுல நாள் கெடக்கு."

"அவ ஊரு எங்க இருக்குன்னு மேப்புல காட்டு பாப்போம்."

காட்டினாள். சுண்டுவிரல் நகம் வைத்தால் மறைந்துவிடும் அளவு. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மேல்மாடி ஜன்னத்துல் ஃபிர்தௌஸுக்கு விஷயம் போனதும், போனது எப்படி என்று கேட்காதீர்கள், இறங்கி வந்துவிட்டாள். "அவ வரவே மாட்டா ராத்தா. கடல் தாண்டிப் போனவ இந்த வெயிலுக்கா திரும்புவா? அகிலா பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இப்படி ஒரு முட்டாத்தனம் பண்ணலாமா?"

வெர்னா போனாள். முதல் ஆட்டம் முடிந்து போன் வந்தபோது அகிலாவைக் கூட்டிவர நானே ஓடினேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், மேளம். வெர்னாவின் குரல் ரிசீவரைத் தாண்டி என் அடுப்படி வரை வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டாங்களா?"

"இல்லக்கா. ஒண்ணுக்கு ஒண்ணு. டிரா."

"அதுக்கு எதுக்கு அழுவுறா?"

"தோக்கலையேக்கா!" என்றாள் அகிலா. அவளும் அழுதாள். பெனால்டி ஒன்றை வெர்னா பாய்ந்து பிடித்தாளாம். நான் சேமியா பாயசம் வைத்தேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். பெனால்டிக்கு என்றேன்.

அடுத்த போன் வந்தபோது கூச்சலும் இல்லை, மேளமும் இல்லை.

"வியாழக்கிழமை வந்துவிடுவேன், அகிலா," என்றாள் வெர்னா.

"ரெண்டாவது ஆட்டம்?"

"தள்ளிப் போய்விட்டது. புயல் மழை. மைதானம் முழுக்கத் தண்ணீர்." ஒரு தேதி சொன்னாள்.

அகிலாவின் ஃபிளைட்டுக்கு முதல் நாள். ஆட்டம் முடிந்த கையோடு விமானம் ஏறினாலும் அங்கிருந்து இங்கே வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

"அப்ப கோல்ல யாரு நிப்பா?" அகிலா தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு இங்கிலீஷில் கேட்டாள்.

"அதை விடு. நான் உனக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன்."

"யாரு, வெர்னா?"

"பேங்கில் வேலை பார்க்கிறாளே, அவள். முன்னே பின்னே நின்றதில்லை. கை நீளம்தான்."

அகிலா போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "டிக்கெட்ட இன்னும் உறுதி பண்ணாத. நாளைக்கு இதே நேரம் பண்ணு," என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் தெரிந்த டிராவல்ஸ் எல்லாம் ஏறி இறங்கினார். ஜூலையில், பள்ளிக்கூட லீவில், இரண்டு நாள் தள்ளி அகிலாவுக்கு ஒரு சீட்டு. சிரித்தார்களாம். செப்டம்பரில் பார்க்கலாம் என்றார்களாம். செப்டம்பரில் லேபில் அடுத்த ஆளின் லீவு. அதைத் தாண்டினால் அகிலாவுக்கு மறு வருஷம்தான்.

சீதாராமனையும் அகிலா போய்ப் பார்த்தாள். "சார், அவ வந்துருவா சார். என் பாஸ்போர்ட்ட மட்டும் ரெண்டு நாள் முன்னாடி குடுங்க."

"ரூல்னா ரூல்தாம்மா. நாளைக்கு கஃபீல், விசா குடுத்த அரபி, கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஃபுட்பால் மேட்ச் முடியலைன்னா?"

மறுநாள் மணியடித்தது. நீ இருந்து ஆடிவிட்டு வா என்றுதான் இவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சினிமாவில் அப்படித்தானே சொல்வார்கள்? திட்டுவதற்கு நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"வா, வெர்னா," என்றாள் அகிலா.

அவ்வளவுதான். ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இருந்து ஆடிட்டு வரட்டுமான்னு அவ கேக்கவே இல்லக்கா. கேட்டிருந்தா கோவிச்சிருப்பேன். கேக்கலையே."

ஜன்னத் மறுபடி இறங்கி வந்தாள். "என்ன மனசு ராத்தா இவளுக்கு! பாவம், அந்தப் புள்ள நாட்டுக்காக ஆடப் போயிருக்கு. ஒரு லீவுதான? விட்டுக் குடுத்தா என்ன?" முட்டாள்தனம் என்று சொன்ன அதே வாய். நான் அவளுக்கு டீ கொடுத்தேன், சீனி போடாமல்.

வியாழக்கிழமை வெர்னா சொன்னபடி வந்தாள். பெட்டியோடு டாக்சியை நேராகக் கிளினிக்குக்கு விடச் சொல்லி, சீதாராமன் முன்னால் போய் நின்று, "அகிலா பாஸ்போர்ட்," என்றாளாம். வாங்கி அகிலா கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். எதிர்க் கதவு ஒன்றும் அவ்வளவு கனமில்லை, வந்திருந்தால் கேட்டிருக்கும். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். நீ முதலில் குளி, இல்லை நீ முதலில் குளி. அந்த மரியாதையைக் கேட்க எனக்கே என்னவோ போலிருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை வந்து போயின, இருவருமே திடலுக்கு இறங்கவில்லை.

அகிலா கிளம்பும் நாள். நாலு மணிக்கு வெர்னா யூனிஃபார்மோடு எங்கள் ஹாலில் வந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அகிலா மார்க்கெட்டில் கடைசிச் சாமான் வாங்கப் போயிருந்தாள். மணியடித்தது. அந்தப் போலீஸ்காரி கேப்டன். வெர்னா ரொம்ப நேரம் கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாள்: "இலெவன்."

கிரிக்கெட்டாக இருந்தால் பதினொன்று ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் இது அப்படி இல்லை என்று விளங்கியது.

போனை வைத்துவிட்டு என்னிடம் மெதுவாக, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னாள். பதினொன்றுக்கு ஒன்றுமில்லை. பேங்க் பெண் பாதி ஆட்டத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் ஊர் ஃபுட்பால் சங்கத்துப் பெரியவர்கள் இனிமேல் பெண்கள் அணி கிடையாது, இந்த அவமானம் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அகிலாவிடம் சொல்லாதீர்கள், மிஸ் ஷஹீரா. அவள் விமானம் ஏறட்டும்."

குனிந்து கதவைத் தாண்டி டியூட்டிக்குப் போய்விட்டாள். ஒரு விஷயத்தை வெளியே விடாதே என்று என்னிடம், இந்த ஷஹீராவிடம், சொல்லிவிட்டு!

ஆறு மணிக்கு அகிலா பெட்டியோடு வந்தாள். புதுச் சேலை, கையில் பையனுக்கு ஒரு பேட்டரி கார். என் வீட்டுக்காரர் கீழே வேனை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

"போன் வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"வெர்னா பேசினாளா?"

"பேசினா."

"அப்புறம்?"

"நீ சாப்பிட்டியா? பிளேன்ல ஒண்ணும் தரமாட்டான். ரெண்டு ரொட்டி சுருட்டித் தரவா?"

அகிலா என்னையே பார்த்தாள். "நீங்களே வாய மூடிக்கிட்டு இருக்கீங்கன்னா பெரிய நம்பர்தான்."

நான் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"டீம் இருக்காக்கா?"

ரொட்டி கிழிந்துவிட்டது. வேறொன்று எடுத்தேன். அவள் பேட்டரி காரின் அட்டைப் பெட்டியை விரலால் நிமிண்டிக்கொண்டே நின்றாள். கீழே ஹாரன் அடித்தது.

"எனக்குப் போகணும்க்கா," என்றாள், நான் என்னவோ குறுக்கே நிற்கிற மாதிரி.

"போ புள்ள. யாரு வேணாங்குறா? வழியிலதான கிளினிக்கு? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஏர்போர்ட்டிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கேட்டேன்: "கிளினிக்ல நிறுத்துனீங்களா மச்சான்?"

"நிறுத்துனேன்."

"எறங்குனாளா?"

"எறங்கல. கண்ணாடிய எறக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. உள்ள வெர்னா யாரோ ஒரு புள்ளைய மடியில வச்சு ஊசி போட்டுக்கிட்டிருந்துச்சு. அது ஊசி போட்டு முடிச்சு நிமிந்துச்சு. அது வேனப் பாக்குறதுக்குள்ள இந்தப் புள்ள, யல்லா அண்ணே, போலாம்னுருச்சு."